காடாத் துணி

என் வீட்டுக்காரருக்கு வேலையில் ஒரு விதி உண்டு. புது மாதிரி எது வந்தாலும் முதல் வெட்டு காடாத் துணியில்தான். சாயம் ஏறாமல், வெளுக்கவும் படாமல், தொட்டால் சொரசொரவென்று இருக்கும் அந்த மலிவுத் துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, பெரிய பெரிய தையலாக ஓட்டி, பொம்மையின் மேல் மாட்டிப் பார்ப்பார். அக்குளில் பிடிக்கிறதா, தோளில் தொங்குகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நல்ல துணியில் கத்தரியை வைப்பார். "காடா கெட்டா மேசை துடைக்கலாம். நல்ல துணி கெட்டா யார் மூஞ்சியில முழிக்கிறது?" என்பார். பெரிய தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய சொந்தப் பெயர் எனக்கே சில சமயம் மறந்துபோகும்.

இப்பேர்ப்பட்டவர் தன் கண் விஷயத்தில் அந்த விதியைத் தூக்கிக் கடாசிவிட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

முதலில் சாக்பீஸ் கோடுதான் காணாமல் போனது. நான் அதே கம்பெனியில் காஜா எடுக்கிறவள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுவது என் வேலை. ஒருநாள் அவர் மேசையிலிருந்து கூப்பிட்டு, "இங்க கோடு இருக்கா பாரு" என்றார். போட்டவரே கேட்கிறார். "எடது கண்ணால கோட்டைப் பார்த்தா கோடு இல்ல. பக்கத்துல பார்த்தா கோடு இருக்கு" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "அப்போ பக்கத்துலயே பார்த்து வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விளையாட்டு இல்லை. பெரிய கண் ஆஸ்பத்திரியில் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். அது என் வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் புரிந்தது. நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஓரப்பார்வை நிற்கும். எதைப் பார்க்க நினைக்கிறோமோ அது மட்டும் தெரியாது. இடது கண் ஏற்கெனவே பெரும்பாலும் போய்விட்டது, வலது கண் மெதுவாகப் போகும், மருந்து கிடையாது என்றார்கள். ரத்தத்தோடு வருவதால் கூடப்பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொன்னார்கள்.

கூடப்பிறந்தவள் ஒருத்திதான். என் நாத்தனார். வயது நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்; அதனால் எனக்கும் பாப்பா. மருந்துக்கடையில் வேலை. டாக்டர் எழுதுவதைப் படிக்க உலகத்திலேயே அவள் ஒருத்தியால்தான் முடியும் என்று முதலாளி பெருமையடிப்பார். அவளைச் சோதித்துப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் நோய் பொட்டுப்பொட்டாகத் தொடங்கியிருந்தது. பார்வைக்கு இன்னும் குறைவில்லை. ஆனால் வரும். அன்று அவள் அழவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதார். கண்ணின் கருமணியையும் நாம் பாப்பா என்றுதானே சொல்கிறோம். அவருக்கு இரண்டும் ஒன்று.

அந்த ஆஸ்பத்திரியில்தான் குருத்து டாக்டரைப் பார்த்தோம். பெயரை வைத்தது நானும் பாப்பாவும். ஸ்டெம் செல் என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது என்று நினைத்தோ என்னவோ, குருத்தணு குருத்தணு என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். "இன்னும் எதுவாவும் ஆகாத செல்லுங்க. குருத்து மாதிரி. லேப்ல வச்சு வளர்த்து, கண்ணுக்கு வேண்டிய செல்லா மாத்தி, விழித்திரைக்குப் பின்னால வைப்போம்" என்றார்.

மனிதர் நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆசை காட்டவில்லை. "இது வைத்தியம் இல்லைங்க, ஆராய்ச்சி. உங்களுக்குப் பலன் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இதனால ஆபத்து வருமா வராதான்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டத்துல எங்க வேலை. அதனாலதான் ரெண்டு கண்ணுல எது ரொம்ப மோசமோ அதுல மட்டும் வைக்கிறோம். ஏதாவது தப்பாப் போனாக்கூட நல்ல கண்ணு உங்களுக்கு மிச்சம் இருக்கும்."

அச்சு அசல் காடாத் துணி. நான் திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், புரிந்ததா என்று. அவர் காதில் குருத்து என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் டாக்டர் சொன்னது எல்லாம் காற்றோடு போயிற்று.

"அது யாரோட செல்லு டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "குழந்தை இல்லாம சிகிச்சைக்கு வந்த ஒரு தம்பதி கொடுத்தது. லேப்ல உருவான கருவுல ஒண்ணு அவங்களுக்குக் குழந்தையாப் பொறந்துடுச்சு. மிச்சமிருந்ததை ஆராய்ச்சிக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதுல இருந்து வளர்த்தது."

எங்களுக்கும் குழந்தை இல்லை. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்கும் ஒரு குழந்தை வருது பார்த்தியா. வயித்துக்கு வராம கண்ணுக்கு வருது" என்றார். சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த முறை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். பிறகு பெரிய எந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். குருத்து டாக்டர் படத்தைத் திரையில் பார்த்தார், எழுத்துச் சோதனையின் முடிவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"வலது கண்ணுல இவ்வளவு கம்மியாவா தெரியுது? எடது கண்ணைவிட மோசம்னு வருதே. படத்துல அப்படி இல்லையே."

"படம் வெளியில இருந்து பார்க்குது டாக்டர். நான் உள்ளே இருந்து பார்க்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சில பேருக்கு இப்படியும் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று காலையில்தான் இதே வலது கண்ணால் என் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? நல்ல கண்ணை மோசம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. அதுலதான் ஊசி வைப்பாங்க, தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். பட்ட மரத்துக்குத் தண்ணி ஊத்தி என்னடி பிரயோஜனம்? எடது கண்ணு செத்துப்போச்சு. செத்த இடத்துல குருத்தை நட்டா துளிர்க்குமா? உசுரு இருக்கிற இடத்துல நட்டாத்தான் துளிர்க்கும்."

"டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? நீங்களே முதல்ல காடாவுலதானே வெட்டிப் பார்ப்பீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் காடாவா?" என்றார். "என்னையும் அப்படித்தான் நினைக்கிறியா?"

 கெண்டையைப் போட்டு விராலைப் பிடிப்பார்கள். இவர் இருக்கிற விராலைத் தூண்டிலில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் போய் டாக்டரிடம் சொல்கிறேன் என்று மிரட்டினேன். "என் கண்ணு. அதுகூட எனக்குச் சொந்தம் இல்லையா?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கும் நப்பாசை வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவேளை துளிர்த்துவிட்டால்?

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். நெருக்கமாகக் கோடு போட்ட துணி. டேப் வைத்து அளவெடுக்கவில்லை, வெறும் கண்ணளவுதான். வலது கண்ணளவு என்று சொல்ல வேண்டும். பாக்கெட்டின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றோடொன்று அப்படிச் சேர்ந்துபோயின, பாக்கெட் இருப்பதே தெரியாது. காஜா நான் எடுத்தேன். டாக்டர் அதை வாங்கத் தயங்கி, கடைசியில் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு சரியா வெட்டுறீங்க?" என்று கேட்டார்.

"கைப்பழக்கம் டாக்டர்."

டாக்டர் அதையும் நம்பினார்.

குருத்து வைத்த பிறகு முதல் சில நாள் வீடே கல்யாண வீடு போல இருந்தது. சட்டைப் பொத்தானின் துளைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது என்றார். நாள்காட்டியில் தேதி தெரிகிறது என்றார். நிஜமாகவே தெரிந்ததா, ஆசை காட்டியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. பாப்பா வேலை முடிந்து தினமும் வந்து, விரலைக் காட்டிக் காட்டி, "இது என்ன? இது என்ன?" என்று பச்சைக்குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் காலையில், வலது கண்ணின் கீழ்ப்பக்கத்திலிருந்து கறுப்பாக ஏதோ ஏறுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வைத்த செல்களில் சில போகக்கூடாத இடத்துக்குப் போய், மெல்லிய தோல் போலப் படர்ந்து, விழித்திரையைச் சுருக்கி இழுக்கிறது என்று டாக்டர் சொன்னார். "நூல் இழுத்துக்கிட்டு துணி சுருங்குற மாதிரி" என்று என் வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னார். "ஆமாங்க, அதேதான்" என்றார் டாக்டர். மறுபடி ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். விழித்திரை ஒட்டவில்லை. வலது கண்ணில் வெளிச்சம்கூட இல்லாமல் போய்விட்டது.

கட்டைப் பிரித்த அன்று குருத்து டாக்டர் அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.  "மன்னிச்சிடுங்க மாஸ்டர். இப்படி ஆகும்னு நினைக்கல" என்றார். பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார். "நல்லவேளை, அது ஏற்கெனவே மோசமா இருந்த கண்ணு."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். போர்வைக்குள் அவர் கை என் கையைப் பிடித்து நசுக்கியது. நான் வாயைத் திறக்கப் போனேன். இன்னும் நசுக்கினார்.

அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர் அதுகூடச் செய்யவில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த இடது கண்ணின் ஓரத்தால் வழி பார்த்து நடக்கப் பழகினார். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறெங்கோ பார்த்தார். கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்து, காடாத் துணியில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவர் செய்த முட்டாள்தனம், அதற்கு அவரே கொடுத்த விலை என்று விட்டுவிடலாம். ஆனால் காடாத் துணியை எதற்காக வெட்டுகிறார்கள்? அடுத்து நல்ல துணியை வெட்டத்தானே?

பாப்பா ஒரு மாலை மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணா, என்னைக் கூப்பிட்டிருக்காங்க! அடுத்த கட்டம் ஆரம்பிக்கிறாங்க!"

எங்களுக்குப் புரியவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். முதல் கட்டத்தில் செல் வைத்த யாருக்கும் பார்வையில் பெரிய இழப்பு இல்லையாம். அண்ணனுக்கு வந்தது ஆபரேஷனில் வரக்கூடிய சிக்கல், அதுவும் அனேகமாகப் பார்வையே இல்லாத கண்ணில் வந்தது, அதனால் கணக்குப்படி இழப்பு மிகக் குறைவு என்று மேலே இருக்கிற குழுவினர் முடிவு செய்துவிட்டார்களாம். மோசமான கண்ணில் வைத்தால் பலன் தெரியாது, இனிமேல் பார்வை நன்றாக இருக்கிறவர்களுக்கு, நல்ல கண்ணிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்களாம்.

"உசுரு இருக்கிற இடத்துல வச்சாத்தான் துளிர்க்கும்னு நீதானே சொல்லுவே அண்ணா?" என்றாள். அதை அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நான் சொன்னேன்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார். எழுத்துப் பலகையைப் பார்த்துத் தெரியாது தெரியாது என்று சொன்னதை, போனது நல்ல கண்தான் என்பதை, எல்லாவற்றையும் சொன்னார். பாப்பா நின்றபடியே கேட்டாள்.

"பொய்" என்றாள்.

"பாப்பா—"

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நீ சொன்னது நிஜம். இப்போ சொல்றதுதான் பொய். எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துக்கிட்டு சொல்றே."

"அவர் சொல்றது நிஜம் பாப்பா. என் ஊசிக்கு நூல் கோத்த கண்ணு அது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவளுக்கும் தெரியும். அண்ணன் தைப்பதையும் வெட்டுவதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு எது நல்ல கண் என்று தெரியாதா? தெரிந்ததைத் தெரியாமல் செய்ய அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, நிஜமாவே இருக்கட்டும்" என்றாள் கடைசியில்.  "உன் கண்ணுல தப்பாப் போச்சுன்னா என் கண்ணுலயும் தப்பாப் போகணுமா? நேத்து கடையில ஒரு சீட்டுல நடு எழுத்து தெரியல அண்ணா. பக்கத்துப் பொண்ணுகிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எனக்கு ஆரம்பிச்சிடுச்சு. நீ ஆசைப்பட்டே, பொய் சொல்லி வாங்கிக்கிட்டே. நான் பொய் சொல்லாம வாங்கிக்கப் போறேன். அதுக்கும் குறுக்கே வருவியா? டாக்டர்கிட்ட போய் ஏதாவது உளறினே, எனக்கு அண்ணனே இல்லைன்னு வச்சுக்குவேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் தினமும் சண்டை போட்டேன். டாக்டரிடம் போகலாம், நீங்கள் வராவிட்டால் நான் போகிறேன் என்றேன். "அவ சொன்னது சரியா இருந்தா?" என்றார். "அவளுக்கு நல்லதா நடந்துட்டா? நான் கெடுத்தவனா ஆயிடுவேனே." எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். குற்றவாளி என்று தெரிந்தால் திட்டுவார்கள் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய பயம் அதுவல்ல. தங்கை வெறுத்துவிடுவாள் என்பதுதான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்கிறார்களே, அந்தத் தசைதான் அவர் வாயை இறுக்கிக் கட்டியிருந்தது.

ஆபரேஷன் நாள் காலையில் நான் தனியாகப் போகப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தபோது, அவர் முன்னறையில் வெளியே போகும் சட்டையோடு நின்றிருந்தார். பொத்தான்களை ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தார். நான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். "கிளம்பு" என்றார்.

குருத்து டாக்டர் தன் அறையில் பச்சை உடைக்கு மாறியிருந்தார். கொக்கியில் அவர் கழற்றிப் போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சட்டை. அவர் அதை அடிக்கடி போடுவார், நன்றாக உட்காரும்.

"சாம்பிள் கெட்டுப்போச்சு டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், உட்காரக்கூட இல்லை. "கெட்டதை நான் மறைச்சுட்டேன். நல்ல துணியில கத்தரி வைக்காதீங்க."

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. விளக்கிச் சொன்னோம். அவர் முகம் மாறியது. ஆனாலும், "நீங்க தங்கச்சிக்காகப் பயப்படறீங்க மாஸ்டர். எங்க பதிவுல அப்படி இல்லையே. உங்க வலது கண்ணுல..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து அவர் மேசையில் விரித்தேன். "இந்தப் பாக்கெட்டைப் பாருங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம். இது அவர் ஆபரேஷனுக்கு முன்னால, உங்க சோதனைக்குப் பின்னால வெட்டினது. கைப்பழக்கம்னு அவர் சொன்னா நீங்க நம்பிட்டீங்க. படம் வேற மாதிரி சொல்லுதேன்னு நீங்களேதானே கேட்டீங்க? அப்புறம் ஏன் விட்டீங்க?"

டாக்டர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு, சட்டையிலிருந்து பாக்கெட்டுக்கு நகர்த்திக்கொண்டே போனார். பாக்கெட்டின் ஓரம் வந்ததும் விரல் நின்றது. 

"அப்பவே ஒரு உறுத்தல் இருந்துச்சு" என்றார். "இன்னும் ஒரே ஒரு ஆள் சேர்ந்தா முதல் கட்டம் முடிஞ்சிடும்னு இருந்த நேரம். நீங்க வந்தீங்க. நான்... கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க. அதோட விட்டுட்டேன்." பிறகு ஃபோனை எடுத்து, அன்றைக்கு எந்த ஆபரேஷனும் வேண்டாம் என்று சொன்னார். குழுவினரிடம் தானே சொல்லப் போவதாகச் சொன்னார்.  அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

பாப்பா மூன்றாவது அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி, தலைக்குப் பச்சைத் தொப்பி. சொட்டு மருந்து விட்டுக் கருமணி விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. எந்தக் கண் என்று தவறிவிடக் கூடாது என்று புருவத்துக்கு மேலே நெற்றியில் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?" என்றாள்.

 அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். "எந்தக் கண்ணுல குறி போட்டிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் பார்வையின் நடுவில் அது விழாது. சொன்னேன். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அவள் நெற்றியைத் தடவிக் கண்டுபிடித்து, அந்தக் குறியை அழிக்க ஆரம்பித்தார். மேசையில் வெட்டு வேண்டாம் என்றால் சாக்பீஸ் கோட்டை அப்படித்தான் அழிப்பார்.

"அழிக்காதே அண்ணா!" பாப்பா அவர் கையைத் தட்டினாள், அடித்தாள். "விடு! அழிக்காதே!"

அவர் விடவில்லை. ஆஸ்பத்திரிப் பேனா, எச்சிலுக்கா அழியும்? தேய்த்துத் தேய்த்து நெற்றி சிவந்ததுதான் மிச்சம். அம்பு அப்படியே இருந்தது. அவர் அது அழிந்துவிட்டது என்று நினைத்துத்தான் கையை எடுத்தார். நானும் அழிந்துவிட்டது என்றே சொன்னேன். பாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "என் கண்ணைக் கெடுத்துட்டியே, கெடுத்துட்டியே" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். டாக்டரை விசாரித்தார்கள். அவர் வேறு இடத்துக்குப் போனார். சில வருஷம் கழித்து ஒருமுறை வீட்டுக்கு வந்தார். வேறெங்கோ, வேறு முறையில், இதே குருத்தணுவை வைத்துத் திரும்பவும் தொடங்கியிருக்கிறார்களாம். சிலருக்குப் பார்வை கொஞ்சம் திரும்பியிருக்கிறதாம். இவருக்கு நடந்ததைப் படித்துப் பார்த்துத்தான் முறையை மாற்றினார்களாம். "உங்களால சில பேருக்கு நல்லது நடந்திருக்கு" என்றார். என் வீட்டுக்காரர், "எங்க பாப்பாவுக்கு?" என்று கேட்டார். அவளுக்கு இப்போது ரொம்ப முற்றிவிட்டது, சேர்க்க மாட்டார்கள் என்றார் டாக்டர். தேநீரைக் குடிக்காமலேயே போனார்.

இத்தனை வருஷமும் பாப்பா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஃபோனை எடுக்கவில்லை. கடையில் ஒரு அம்மாவுக்கு வேறு மருந்தைக் கொடுக்கப் போய், பக்கத்திலிருந்த பெண் பிடுங்கி வைத்ததாகவும், அன்றே அவள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று இவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒரு மதியம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாப்பா. சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றாள், நாற்காலி இருந்த திசையைப் பார்த்து. "அன்னிக்கு அதை வச்சிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்? சொல்லு."

"தெரியாது பாப்பா."

"யாருக்கும் தெரியாது. அதைத்தான் என்னால தாங்க முடியல." சுவரிலிருந்து கையை எடுத்தாள். "எப்படிப் பார்க்கிறதுன்னு கத்துக்க வந்திருக்கேன். எனக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. மூஞ்சி இருக்கிற இடத்துல எல்லாருக்கும் ஓட்டைதான் இருக்கு."

அவர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னைப் பார்க்காதே" என்றார். "என் காதுக்குப் பக்கத்துல சுவரைப் பாரு. இன்னும் கொஞ்சம் தள்ளி. கண்ணை அங்கயே வச்சுக்கோ, நினைப்பை மட்டும் என் மேல வை."

அவள் சுவரைப் பார்த்தாள். அவளைப் பார்ப்பதற்காக அவர் ஜன்னலைப் பார்த்தார். விஷயம் தெரியாத ஒருவர் அப்போது உள்ளே வந்திருந்தால், அண்ணனும் தங்கையும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"இரு." அவள் கழுத்தை மெல்லச் சாய்த்தாள். 

"தெரியுது" என்றாள். "முழுக்க நரைச்சுட்டியே அண்ணா."